சமையலறை இல்லாத திருநாள்: சிங்கப்பூர்த் தமிழரின் பண்டிகை விடுமுறைகளும் உணவுக்கடைகளும்

காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்ந்த அயல்நாட்டாரைப் பாடுமிடத்துப் பட்டினப்பாலை ஆசிரியர் உருத்திரங்கண்ணனார் ஓர் உவமையைக் கையாள்கிறார். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் சுற்றத்தார் விழா நடைபெறும் பழைய ஊரில் ஒன்றுகூடியிருப்பதைப் போலப் பல மொழி பேசும் புலம்பெயர்ந்த மக்கள் அந்நகரில் கலந்து இனிது வாழ்ந்தனர் என்பது அவர் கூற்று. விழாவைக் குறிக்க அவர் ஆளும் சொல் 'சாறு' என்பதாகும். புலம்பெயர் வாழ்வுக்கு விழாக்கூட்டம் உவமையாக வந்திருப்பது உரையாசிரியர்கள் அதிகம் நின்று நோக்காத நயம். எனினும் அது நகரத்தின் பக்கம் நின்று காணும் காட்சியே. அந்த அயலார் தம் சொந்த நாட்டு விழாக்களை அங்கே எவ்வாறு கொண்டாடினர், விழா நாளன்று யார் சமைத்ததை எங்கே அமர்ந்து உண்டனர் என்பனவற்றைப் பாட்டு சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

அவ்வினாக்களைத் தமிழரே புலம்பெயர்ந்து சென்ற ஒரு துறைமுக நகரை முன்வைத்து எழுப்பிப் பார்க்க முடியும். சிங்கப்பூரில் தமிழர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றனர். அவர்தம் கோயில்களைச் சமயவியலாரும், இதழ்களையும் இலக்கியத்தையும் தமிழாய்வாளரும், கூலியையும் குடிபெயர்வையும் வரலாற்றாசிரியரும் தனித்தனியே ஆராய்ந்துள்ளனர். உணவுக்கடைகளோ சுற்றுலா நூல்களுக்கு உரியனவாக ஒதுக்கப்பட்டுவிட்டன. பண்டிகை, உணவுக்கடை என்னும் இரண்டும் ஒரே காரணத்தால் உருப்பெற்றவை என்பதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். அக்காரணம் மிக எளியது: அந்நகரில் வாழ்ந்த தமிழருள் மிகப் பெரும்பாலோர்க்கு நெடுங்காலம் வீட்டுச் சமையலறை என ஒன்று இருந்ததில்லை.

அனுமதியால் கிடைத்த விழா

1819ஆம் ஆண்டு இராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து சிங்கப்பூர் சென்ற நாராயண பிள்ளை 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலை எழுப்பக் காரணமாக இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டிலேயே சூலியா முஸ்லிம்களின் பள்ளிவாசல் அதே சாலையில் தோன்றிவிட்டது. 1820களின் இறுதியில் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவும் கட்டப்பெற்றது. நாகூரில் அடக்கமாகியுள்ள ஷாகுல் ஹமீது ஆண்டவருக்குக் கடற்கரையை ஒட்டி எழுந்த அந்நினைவிடம், கப்பலேறி வந்தவர்கள் தங்கள் ஊரையே கையோடு கொண்டுவர முயன்றதற்குச் சான்று. 2011 முதல் அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்கி வருகிறது.

வணிகர் வழிபாட்டிடம் கட்டிய அதே காலத்தில் வேறொரு கூட்டமும் வந்து சேர்ந்தது. 1825 ஏப்ரல் 18 அன்று பென்கூலனிலிருந்து சென்னை மாகாணத்தைச் சேர்ந்த 80 தண்டனைக் கைதிகள் சிங்கப்பூரில் இறக்கப்பட்டனர். அவர்களைத் தொடர்ந்து வந்த கைதிகள் சாலைகள் அமைத்தனர்; காடு திருத்தினர்; புனித ஆண்டுரூஸ் தேவாலயத்தையும் ஆளுநர் மாளிகையையும் கட்டினர். 1873இல் அக்கைதிக்குடியிருப்பு முடிவுக்கு வந்தது. இக்கைதிகள் முஹர்ரம் நாள்களில் நகர வீதிகளில் ஊர்வலம் செல்ல ஒருகாலத்தில் அனுமதிக்கப்பட்டிருந்தனர். முஸ்லிம்கள் மட்டுமன்றி இந்துக்களும் அதில் கலந்துகொண்டனர். நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வனுமதி மறுக்கப்பட்டபோது அவர்கள் கட்டுக்காவலை மீறி வெளியேறியதும் பதிவாகியுள்ளது. கூலியோ உணவோ போதவில்லை என்பதற்காக மட்டுமன்றி, திருநாள் மறுக்கப்பட்டதற்காகவும் கைதிகள் கட்டுப்பாட்டை மீறியிருக்கிறார்கள் என்பது எளிதில் கடந்துசெல்லத்தக்க செய்தி அன்று.

அயலகத்தில் விழா என்பது நாள்காட்டியில் தானாக வருவதன்று. ஒருவர் கொடுக்க ஒருவர் பெறுவது. கைதிகள் காலத்தில் தொடங்கிய இந்நிலை பின்வந்தோர்க்கும் வெவ்வேறு வடிவில் தொடர்ந்தது.

ஆண்கள் மட்டும் வாழ்ந்த நகர்

1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி சிங்கப்பூர் இந்தியருள் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்கள் என்னும் விகிதம் நிலவியது. இந்தியருள் பெரும்பான்மையோர் தமிழர். துறைமுகத்திலும் நகராட்சியிலும் இருப்புப்பாதையிலும் கடற்படைத் தளத்திலும் உழைத்தவர்களுள் மிகுதியானோர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். விதிவிலக்குகள் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர் பணிக்கு வந்தவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்தனர். திருநெல்வேலிச் சீமையின் கடையநல்லூர், தென்காசிப் பகுதி முஸ்லிம்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடும்பங்களாகவே குடியேறினர். அவர்தம் பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றுப் பொருளீட்டினர். அந்த அரைத்த மசாலாவை வாங்கியவர்களுள் பலர், வீட்டில் அரைத்துத்தர ஆளில்லாதவர்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

செல்வம் படைத்தோரும் இதற்கு விலக்கல்லர். மார்க்கெட் தெருவில் இருந்த நகரத்தார் கிட்டங்கிகள் இவ்வாழ்வின் மிகத் துல்லியமான வடிவம் எனலாம். நீண்டு செல்லும் ஒரே கூடத்தில் பல வட்டிக்கடைகள் பெட்டியும் கணக்குப்பலகையுமாக அடுத்தடுத்து அமைந்திருக்கும். பகலில் தொழில் நடந்த அதே தரையில் இரவில் பாய் விரியும். மேலாள், அடுத்தாள், பையன் என்னும் வரிசையில் பணியாற்றியவர்கள் மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்ப, அவர்கள் இடத்திற்கு வேறொருவர் வருவார். கிட்டங்கிக்குப் பொதுவான சமையற்காரர் செட்டிநாட்டு முறையில் சமைத்துப் போட்டார். பெருஞ்செல்வத்தைக் கையாண்ட ஒருவர், தம் மனைவி கையால் உண்பதற்கு மூன்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1970களில் தொடங்கிய நகர மறுசீரமைப்பில் அக்கட்டடங்கள் மறைந்தன. இன்று வானளாவிய வங்கிகளும் அலுவலகங்களும் சூழ்ந்துள்ள அப்பகுதியில் பழைய கிட்டங்கியின் சாயலைக் காண்பது அரிது.

இச்சூழலில் எந்தப் பண்டிகை வேர்கொள்ளும்? தமிழ்நாட்டுத் தீபாவளி வீட்டுப் பண்டிகை. விடியற்காலையில் எண்ணெய் வைத்துவிடும் தாய், பலகாரம் சுடும் அடுப்பு, புத்தாடைக்கு மஞ்சள் தடவும் கை ஆகிய மூன்றும் இல்லாவிடில் எஞ்சுவது பட்டாசு மட்டுமே. பொங்கலும் அத்தகையதே, முற்றமும் அடுப்பும் நெல்லும் மாடும் வேண்டும். தைப்பூசத்திற்கும் தீமிதிக்கும் இவை எவையும் தேவையில்லை. விரதமிருக்கும் உடலும் நடக்க வீதியும் போதும். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து 1859இல் அமைந்த டேங்க் சாலைத் தண்டாயுதபாணி கோயில்வரை ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் காவடி சுமந்து செல்லும் தைப்பூசமும், அதே பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு மாரியம்மன் கோயிலில் நிறைவுறும் ஐப்பசித் தீமிதியும் சிங்கப்பூரின் தலைமைத் தமிழ் விழாக்களாக வளர்ந்தமைக்குப் பக்தி ஒன்றையே காரணமாகக் கூறுவது பொருந்தாது. குடும்பமின்றி வாழ்ந்த ஆடவர் நிறைந்த சமூகத்திற்கு அவை இயல்பாகப் பொருந்தின. திரௌபதைக்கு உரிய தீமிதியில் பூக்குழி இறங்குவோர் ஆடவரே என்பதும் இங்குக் கருதத்தக்கது. தைப்பூச நாளில் தண்டாயுதபாணி கோயில் வழங்கிய அன்னதானம், வீட்டில் இலை போட ஆளில்லாதவர்களுக்குப் பண்டிகைச் சாப்பாடாகவும் அமைந்தது.

சமயஞ்சாராத கேளிக்கை நாள்களும் இருந்தன. நா. வ. இரங்கசாமி தாசன் இயற்றி 1893இல் வெளிவந்த 'அதிவினோதக் குதிரைப் பந்தய லாவணி' பந்தயம் காணச் செல்லும் வழியில் நகரத்தின் தெருக்களையும் காட்சிகளையும் சொல்லிச் செல்கிறது. அன்றைய பந்தயத் திடல் இன்றைய ஃபேரர் பார்க் பகுதியில், சிராங்கூன் சாலையை அடுத்து இருந்தது. 1933இல்தான் புக்கிட் தீமாவுக்கு இடம்பெயர்ந்தது. மாட்டுத்தொழுவங்களும் பந்தயத் திடலும் தந்த வேலைவாய்ப்பே தமிழரை அச்சாலையின் பக்கம் ஈர்த்த காரணங்களுள் ஒன்று. வெள்ளையர் கேளிக்கைக்காக அமைந்த திடலின் ஓரத்தில் தமிழர் குடியிருப்பு வளர்ந்ததும், அக்கேளிக்கையையே பொருளாகக் கொண்டு ஒரு தமிழ்ச் சிற்றிலக்கியம் பிறந்ததும் இணைத்து நோக்கத்தக்கவை.

பசியாறும் இடம்

காலையுணவு உண்பதைச் சிங்கப்பூர், மலேசியத் தமிழர் 'பசியாறுதல்' என்பர். ஒருவரை ஒருவர் காணும்போது கேட்கும் முதற்கேள்வியும் 'பசியாறிவிட்டீர்களா' என்பதே. தமிழ்நாட்டில் 'பலகாரம் ஆயிற்றா' என்று கேட்பதற்கும் இதற்கும் நுண்ணிய வேறுபாடு உண்டு. அங்கே கேள்வி வீட்டில் செய்த பண்டத்தைப் பற்றியது. இங்கே வயிற்றைப் பற்றியது. சொற்பொருளை இவ்வளவு தூரம் இழுக்கலாமா என்று ஐயுறுவோரும் இருக்கலாம். ஆயினும் எங்கே, யார் கையால் உண்டாலும் பசி தீர்ந்தால் போதும் என்ற நிலையில் வாழ்ந்தவர்களின் வழக்கில் இச்சொல் நிலைபெற்றது பொருத்தமாகவே தோன்றுகிறது.

பசியாறுவதற்குரிய இடங்கள் பலவகைப்பட்டன. ஐந்தடிக் கடைநடையில் சுவரை ஒட்டி நின்ற ஒட்டுக்கடை முதல் மேசை நாற்காலி இட்ட சாப்பாட்டுக்கடைவரை அவை விரிந்தன. ஹைனான் தீவுச் சீனரும் பிறரும் நடத்திய கோப்பிக்கடைகளின் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்துத் தமிழ் முஸ்லிம்கள் ரொட்டி தட்டினர். மலாய் மொழியின் வழியே 'கோப்பி', 'தே' ஆகிய சொற்கள் சிங்கைத் தமிழில் காப்பியையும் தேநீரையும் இடம்பெயர்த்தன. இஞ்சித்தேநீர் விற்ற 'சராபாத்' கடைகள் இரவில் நெடுநேரம் திறந்திருந்தன. இரு குவளைகளுக்கிடையே உயரத்திலிருந்து இழுத்து ஆற்றும் தேநீர் பின்னாளில் 'தே தாரிக்' என்னும் பெயரில் அந்நாட்டின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று.

தமிழ்நாட்டில் எங்கும் காணக்கிடைக்காத 'இந்திய உணவு' சில இக்கடைகளில் பிறந்தன. சீன மஞ்சள் மீயைத் தக்காளியும் மிளகாயும் சேர்த்துப் பிரட்டிய மீ கோரெங், கேரளத்தவரான கோமஸ் என்பார் 1940களின் இறுதியில் சீன வாடிக்கையாளர்களை மனத்திற்கொண்டு ஆக்கிய மீன்தலைக் கறி போன்றவற்றைக் கூறலாம். சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908இல் தொடங்கப்பட்ட ஸம் ஸம் உணவகத்தின் முர்தபாக் இதே வகையில் பல இனத்தாரையும் ஒரே மேசைக்கு ஈர்த்தது. பண்பாட்டுக் கலப்பு என்று இன்று பாராட்டப்படும் இவற்றைத் தோற்றுவித்தவர்கள் கலப்பை நாடியவர்கள் அல்லர். கடைக்கு வரும் ஆளுக்கு ஏற்பச் சமைக்க வேண்டியிருந்தது, அவ்வளவே.

சைவ உணவுக்கடைகளின் வரலாறு சற்று வேறு. 1924இல் ஆனந்தபவனும் 1947இல் சிராங்கூன் சாலையில் கோமள விலாசும் தோன்றின. இவை ஊர்ச் சாப்பாட்டை மாற்றமின்றித் தருவதையே தம் பெருமையாகக் கொண்டன. வாழையிலை, சாம்பார், இரசம், மோர் என்னும் ஒழுங்கு அங்கே குலையவில்லை. மூங்கிற்புதரின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் சொல்லிலிருந்து 'தேக்கா' எனப் பெயர்பெற்ற சந்தைப் பகுதியும் 1915இல் அங்கு எழுந்த சந்தைக் கட்டடமும் இக்கடைகளுக்குக் காய்கறியும் வாழையிலையும் வாடிக்கையாளரும் வழங்கின.

தாயகத்தில் உணவு, சாதியின் மிகக் கடுமையான காவலன். மலாயாத் தோட்டங்களில் ஆதிதிராவிடத் தொழிலாளர்க்குத் தனி லயன்கள் ஒதுக்கப்பட்டதை நோக்க, சாதி கப்பலில் ஏறவில்லை என்று கூற வழியில்லை. கோயிலிலும் அது வெளிப்பட்டது. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் சுபாஷ் சந்திர போஸ் தண்டாயுதபாணி கோயிலின் தசரா விழாவிற்கு அழைக்கப்பட்டபோது, எல்லாச் சாதியையும் சமயத்தையும் சேர்ந்த தம் தோழர்களும் உள்ளே வரலாம் என்றால் மட்டுமே வருவதாக அவர் கூறியதும், அதற்கு இணங்கி அனைவரையும் கோயிலார் வரவேற்றதும் நன்கறிந்த நிகழ்ச்சி. படைத்தலைவர் ஒருவர் நிபந்தனை விதித்தபின் திறந்த கதவு அது. நகரச் சாப்பாட்டுக்கடையிலோ காசு கொடுத்தவர் காலியாக இருந்த நாற்காலியில் அமர்ந்தார். அண்டை நாற்காலிக்காரரின் ஊரையும் குலத்தையும் விசாரித்து முடிப்பதற்குள் இலையில் சோறு விழுந்துவிடும். சாதி ஒழிப்புப் பெருமுயற்சி எனக் கடைக்காரரைப் புகழ வேண்டியதில்லை. நெரிசலும் வாணிபமும் செய்த வேலை அது.

விடுமுறைக்கான விண்ணப்பம்

தீபாவளி பொதுவிடுமுறை நாளாக ஏற்கப்பட்டது 1920களின் இறுதியில். மேற்கூறிய வாதத்திற்கு இது முரணாகத் தோன்றலாம். ஆண்கள் மிகுந்திருந்த அக்காலத்தில் வீட்டுப் பண்டிகைக்கு ஏன் விடுமுறை கோரப்பட்டது? விண்ணப்பம் எழுதக்கூடியவர்கள் யாவர் என்று நோக்கினால் முரண் நீங்கும். குடியேற்ற அரசு 1915இல் நிறுவிய இந்து ஆலோசனை மன்றத்தையும் சங்கங்களையும் அணுகி ஆங்கிலத்தில் மனுச் செய்யக்கூடியவர்கள் வணிகரும் எழுத்தரும் கற்றோருமே. அவர்களுக்குக் குடும்பம் இருந்தது. தீபாவளி வட இந்தியருக்கும் பொதுவானது என்பதால் 'இந்துக்கள்' என்னும் பெரிய பெயரில் கேட்கவும் இயன்றது. இந்துக்களின் விழாக்களையும் அரசையும் பற்றிய இத்தகைய பேரங்களை வினீதா சின்கா 2011இல் வெளியிட்ட ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். துறைமுகக் கூலியின் தைப்பூசமும் எழுத்தரின் தீபாவளியும் ஒரே நாள்காட்டியில் இடம்பெற்றன. எனினும் அவற்றின் பின்னிருந்த வாழ்க்கைகள் ஒன்றல்ல.

இவ்விரு விழாக்களையும் கடுமையாக நோக்கியவர்களும் இருந்தனர். 1929இன் இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று திரும்பியபின் சீர்திருத்தக் கருத்துகள் வலுப்பெற்றன. 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. திருவாரூரில் பிறந்து 1924இல் சிங்கப்பூர் சென்ற கோ. சாரங்கபாணி 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். அலகு குத்துதலும் தீமிதித்தலும் அயலார் முன்னிலையில் தமிழரைத் தாழ்த்துகின்றன என்பது சீர்திருத்தக்காரர் வாதம். மதுவுக்கு எதிரான அவர்கள் பரப்புரையும் இதனோடு இணைந்ததே. குடும்பமற்ற ஆண்களுக்குக் கோயிலையும் சாப்பாட்டுக்கடையையும் அடுத்து மூன்றாவது புகலிடமாக இருந்தது கள்ளுக்கடை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. அக்கோரிக்கையைத் தொழிலாளர்களே எழுப்பினர் என்பது, குடிப்பழக்கத்தைத் தொழிலாளரின் இயல்பாகக் காட்டிவந்த தோட்ட நிர்வாகத்தின் கூற்றுக்கு நேர்விடையாகும்.

பழைய விழாக்களை மறுத்ததோடு சாரங்கபாணி நின்றிருந்தால் அவர் பெயர் இங்கு இவ்வளவு பேசப்படாது. 1952 தைத்திங்களில் அவர் முன்னின்று தொடங்கிய 'தமிழர் திருநாள்' புதிய விழா ஒன்றைப் படைக்கும் முயற்சி. இந்து, முஸ்லிம், கிறித்தவர் என்னும் வேறுபாடின்றித் தமிழ் பேசுவோர் யாவரும் கூடும் நாளாக அது வகுக்கப்பட்டது. பேச்சுப்போட்டி, விளையாட்டு, இசை, நாடகம் ஆகியன இடம்பெற்றன. பொங்கலை ஒட்டி அமைந்தும் அதில் பொங்கற்பானை மையமாக இல்லை. சமையலறையையும் கோயிலையும் ஒருங்கே விட்டு மேடையைப் பற்றிக்கொண்ட திருநாள் அது. பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைந்தபோது தமிழுக்கு உரிய இடம் வேண்டி அவர் நடத்திய 'தமிழ் எங்கள் உயிர்' நிதித்திரட்டு, ஆளுக்கு ஒரு வெள்ளி என்னும் அளவில் எளிய மக்களிடம் சென்றது. அம்மக்களை ஒரே கூட்டமாகக் காணும் பழக்கத்தை ஏற்படுத்தியதில் தமிழர் திருநாளுக்குப் பங்குண்டு. ஆயினும் அத்திருநாள் அரசு நாள்காட்டியில் ஏறவில்லை. விடுமுறை இல்லாத திருநாள், அமைப்பாளர் ஓய்ந்ததும் ஓய்ந்தது.

1968

1938இல் இந்திய அரசு, உதவித்தொகையுடன் தொழிலாளர் மலாயாவுக்குக் குடிபெயர்வதைத் தடை செய்தது. போருக்குப்பின் வந்தோர் மனைவியரை அழைத்துக்கொண்டனர். 1953ஆம் ஆண்டுச் சட்டம் புதிய குடியேற்றத்தை மேலும் சுருக்கியது. 1947இல் இந்தியருள் ஒரு பெண்ணுக்கு மூன்று ஆண்கள் என இருந்த விகிதம் அடுத்த இருபதாண்டுகளில் மேலும் குறைந்தது. 1960இல் நிறுவப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடி வீடுகளைக் கட்டிக் குவித்தது. வாடகை அறைகளில் திரைகட்டி வாழ்ந்த குடும்பங்களுக்குக் கதவடைத்துக்கொள்ளக்கூடிய சமையலறை வாய்த்தது. மறுபுறம், பிரித்தானியப் படைத்தளங்கள் 1971க்குள் மூடப்படும் என்னும் அறிவிப்பு 1968 சனவரியில் வெளிவந்ததும், தளத்தையே நம்பியிருந்த தமிழரும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் தாயகம் திரும்பலாயினர். வந்துபோவோர் குறைந்தனர், தங்கியோர் குடிமக்களாயினர்.

அதே 1968இல், பொருளாதார நெருக்கடியை முன்னிட்டுப் பொதுவிடுமுறைகள் 11 நாள்களாகக் குறைக்கப்பட்டன. ஒவ்வொரு சமயத்தாரும் எதை விடுவது எனத் தாமே தெரிவு செய்யுமாறு கேட்கப்பட்டனர். முஸ்லிம்கள் நபிகள் பிறந்தநாளை விட்டு இரு பெருநாள்களை வைத்துக்கொண்டனர். கிறித்தவர்கள் ஈஸ்டரை ஒட்டிய நாள்களை விட்டுப் புனித வெள்ளியையும் கிறிஸ்துமசையும் காத்துக்கொண்டனர். இந்துக்களின் முன் இருந்தவை இரண்டு: தைப்பூசம், தீபாவளி. கலந்தாய்வுக்குப்பின் தீபாவளி நிலைத்தது. தைப்பூசம் விடுமுறைப் பட்டியலிலிருந்து நீங்கியது.

இத்தெரிவைச் சமய முதன்மை பற்றிய முடிவாகவே பலரும் விளக்குவர். வட இந்தியரும் கொண்டாடும் விழா வென்றது என்பதும் உண்மையே. எனினும் முன்னர்க் கண்ட வரலாற்றின் தொடர்ச்சியில் வைத்து நோக்கினால், வீதியில் நடந்த தனியாளின் விழா பின்தள்ளப்பட்டு அடுப்புள்ள குடும்பத்தின் விழா முன்வந்ததாகவும் அதனைக் கொள்ளலாம். ஒரு தலைமுறைக்கு முன்பு துறைமுகத் தொழிலாளரிடம் வாக்கெடுத்திருந்தால் முடிவு இவ்வாறே அமைந்திருக்கும் எனச் சொல்ல முடியாது. அவர்கள் கேட்கப்படவில்லை. மலேசியாவில் தைப்பூசம் பினாங்கு, பேராக், சிலாங்கூர் முதலிய மாநிலங்களில் விடுமுறையாகத் தொடர்ந்ததும், 2008இல் கோலாலம்பூருக்கும் அது நீட்டிக்கப்பட்டதும் ஒப்பிடத்தக்கவை.

விடுமுறை நீங்கியும் விழா நீங்கவில்லை. 1973 முதல் ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை வந்தபின்னும் காவடிகள் குறையவில்லை. 2015 தைப்பூசத்தின்போது ஏற்பட்ட சலசலப்பை அடுத்து விடுமுறையை மீட்க வேண்டுமென்ற குரல் எழுந்தது. அரசு விடுமுறையைத் தரவில்லை. ஆனால் 2016இல் ஊர்வலப் பாதையின் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இசைந்தது. அந்நாளில் காவடி எடுப்போர் ஆண்டு விடுப்பில் ஒரு நாளைச் செலவிடுகின்றனர். உணவுக்கடைகளின் பொருளும் இக்காலத்தில் மாறியது. சமையலறைக்கு மாற்றாக இருந்த கோமள விலாசுக்குச் சமையலறை உள்ள குடும்பங்கள் மாறுதலுக்காக வரலாயின. தந்தையர் தனித்து உண்ட மேசையில் பிள்ளைகள் தோசை கேட்டனர்.

ஞாயிறு என்னும் பண்டிகை

சமையலறை இல்லாத தமிழர் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. 1980களிலிருந்து கட்டுமானத்திற்கும் கப்பல் பட்டறைகளுக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் புதிதாக வரத் தொடங்கினர். வேலை உரிமத்தின் கீழ் வருவோர் குடும்பத்தை அழைத்துவர இயலாது. பழைய கிட்டங்கியின் இடத்தைத் தீவின் ஓரங்களில் எழுந்த தங்குவிடுதிகள் எடுத்துக்கொண்டன. வேலையிடங்களில் மதியவேளை உண்பது பெரும்பாலும் உணவு வழங்குவோர் விடியுமுன் பொட்டலமாகக் கட்டித்தரும் சோறு. உச்சிவெயிலில் அது எந்நிலையில் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவர்களின் திருநாள் ஞாயிற்றுக்கிழமை. 1980கள் முதல் 'லிட்டில் இந்தியா' எனச் சுற்றுலாப் பெயர் பெற்ற சிராங்கூன் சாலை வட்டாரம் அன்று மாலை நிரம்பி வழியும். ஊருக்குப் பணம் அனுப்புதல், முடி வெட்டுதல், ஒரே ஊர்க்காரர்கள் வழக்கமான கடைவாசலில் சந்தித்தல், சுடச்சுட உண்ணுதல் என வாரம் முழுவதும் தள்ளிவைத்த யாவும் அந்தச் சில மணிநேரத்தில் நடந்தேற வேண்டும். புல்வெளியில் வட்டமாக அமர்ந்து பிரியாணி உண்ணும் இளைஞரைக் குடியிருப்பாளர் சிலர் இடையூறாகக் கருதினர். அவ்வாறு கருதியோருள் தமிழரும் உண்டு. மூன்று தலைமுறைக்கு முன் தம் முன்னோர் அதே சாலையில் அதே வகையில் உண்டதை அவர்கள் நினைவிற்கொள்ளவில்லை.

2013 டிசம்பர் 8 அன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில், தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஒருவர் பேருந்தின் அடியில் சிக்கி இறந்ததை அடுத்து அங்குக் கலவரம் மூண்டது. 2015இல் இயற்றப்பட்ட மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவ்வட்டாரத்தைத் தனிக் கட்டுப்பாட்டு மண்டலங்களுள் ஒன்றாக்கியது. 2020இல் கொள்ளைநோய் பரவியபோது அந்நாட்டில் தொற்றுக்கு ஆளானோருள் மிகப் பெரும்பாலோர் தங்குவிடுதித் தொழிலாளராக இருந்தனர். நகரத்தார் வெளியே செல்லத் தொடங்கியபின்பும் அவர்கள் நெடுநாள் உள்ளேயே வைக்கப்பட்டனர். 2022 சூன் மாதம் அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டபோதும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொதுவிடுமுறை நாள்களிலும் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு வட்டாரங்களுக்குச் செல்ல அவர்கள் முன்அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என விதிக்கப்பட்டது. நாளொன்றுக்கு 80,000 சீட்டுகள் வரை வழங்கப்பட்டன. பொதுவிடுமுறை நாள்கள் என்பதில் தீபாவளியும் அடங்கும். முஹர்ரம் ஊர்வலத்திற்கு அனுமதி வேண்டி நின்ற கைதிகளும் கைப்பேசியில் சீட்டுக்கு விண்ணப்பித்த தொழிலாளரும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறானவர்கள்தாம். ஒருவர் தண்டனைக்குரியவர், மற்றவர் கூலி ஒப்பந்தத்தில் வந்தவர். திருநாளன்று வீதிக்குச் செல்ல ஒப்புதல் வேண்டும் என்பதில் மட்டும் வேறுபாடு தெரியவில்லை.

இவ்வரலாற்றில் பெண்கள் பெரும்பாலும் இல்லாமையாலேயே குறிக்கப்பட்டனர். இன்று தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வீட்டுப் பணிக்குச் சென்ற பெண்கள் அந்நகரில் இருக்கிறார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே சென்றவர்கள் இம்முறை அவர்கள். சமையலறை அவர்களுக்கு உண்டு, அது பிறருடையது. வாரம் ஒரு நாள் ஓய்வு என்னும் சட்டம் அவர்களுக்கு 2013இல்தான் வந்தது. அந்நாளையும் பணமாகக் கொடுத்து ஈடுசெய்துவிட வேலையளிப்போர்க்கு வழியிருந்தது. மாதத்தில் ஒரு நாளையேனும் அவ்வாறு ஈடுசெய்யக்கூடாது என்ற விதி 2023 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. தீபாவளிக்கு முந்தைய இரவில் அவர்கள் சுடும் முறுக்கும் அதிரசமும் அவ்வீட்டாரின் பண்டிகைக்கு உரியவை.